மருந்தை முறிக்கும் காய்

1979-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளியானது. இங்கிலாந்தில் வாழ்ந்த நாற்பது வயதுப் பாகிஸ்தானியப் பெண்மணி ஒருவருக்கு நீரிழிவு. அந்தக் காலத்தில் வழக்கில் இருந்த குளோர்புரோபமைடு மாத்திரையைச் சாப்பிட்டுவந்தார். சர்க்கரை எளிதில் கட்டுக்குள் வராமல் இருந்தவருக்கு, ஒரு கட்டத்தில் சிறுநீரில் சர்க்கரை எதிர்பாராமல் குறைந்துபோனது. விசாரித்துப் பார்த்ததில் விடை அவர் வீட்டு அடுப்படியில் இருந்தது. பூண்டும் பாகற்காயும் போட்ட கறியை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அஸ்லம், ஸ்டாக்லி என்ற இருவர் எழுதிய அந்தக் கடிதத்தை, காய்க்கும் மாத்திரைக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன.

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இந்தக் கடிதம் வியப்பைத் தந்திருக்காது. “மருந்து சாப்பிடறப்ப பாவக்கா ஆகாது, அகத்திக்கீரை ஆகாது, மருந்தை முறிச்சிடும்” என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. சித்த மருத்துவர்கள் சொல்லும் பத்தியத்தில் பாகலும் அகத்தியும் விலக்கு. பாட்டி சொன்னதும் லான்செட் சொன்னதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டி, மருந்தின் வேலையைக் காய் கெடுத்துவிடும் என்றார். லான்செட்டில் வந்த கதையிலோ காய் மருந்தோடு சேர்ந்து அதே வேலையைக் கூடுதலாகச் செய்திருக்கிறது. திசை வேறு. ஆனால் இந்தக் காய் மருந்து விஷயத்தில் சும்மா இருக்காது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகின்றன.

இன்று அந்தப் பத்தியம் தலைகீழாகிவிட்டது. மருந்தோடு சேராதே என்று ஒதுக்கப்பட்ட காயே மருந்தாகிவிட்டது. காலை நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்கா வாசலில் கண்ணாடி டம்ளரில் பச்சைச் சாறு, மருந்துக் கடையில் மாத்திரைக் குப்பி, இணையக் கடையில் பொடியும் தேநீரும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். இத்தனை பெரிய சந்தையில் ஒரு கசப்புக் காய் வெறும் காயாக இருந்துவிட முடியுமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாகற்காய் அருமையான உணவு, அரைகுறையான மருந்து. அதை மருந்தாக்கும் அவசரத்தில் உணவாக அதற்குள்ள மதிப்பைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

செடியிலிருந்து தொடங்கலாம். பூசணி, சுரை, பீர்க்கு, புடல் எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தில் மொமார்டிகா ஓர் இனம். ‘கடித்தல்’ என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. விதையின் ஓரம் யாரோ பல்லால் கடித்துப் போட்டதுபோல இருக்கும். லின்னேயஸ் 1753-இல் நம் பாகலுக்கு மொமார்டிகா சரன்ஷியா என்று பெயரிட்டார். இந்த இனத்தில் சுமார் 60 வகைச் செடிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. மரபணு ஆய்வுகள் பாகலின் மூதாதையையும் அங்கேதான் காட்டுகின்றன. அங்கிருந்து மிகப் பழங்காலத்திலேயே ஆசியாவுக்கு வந்து, இங்குள்ள தோட்டங்களில்தான் நீளமும் பருமனுமான காயாக மாறியிருக்கிறது.

தமிழில் பாகல் என்பது ஒரு காயின் பெயர் மட்டுமல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். நீளமாகத் தொங்கும் கொம்புப் பாகல். குட்டையாகக் கைக்குள் அடங்கும் மிதிபாகல். மேலெல்லாம் முள்போல இருந்தாலும் கசக்காத பழுபாகல். இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விருதுநகர், தூத்துக்குடி கரிசல் காடுகளில் மழை விழுந்ததும் யாரும் விதைக்காமலே முளைக்கும் அதலைக்காயும் இந்த இனம்தான். மண்ணுக்குள் கிழங்காகக் காத்திருந்து ஈரம் கண்டதும் கொடி விடும். கரிசல்காரர்களுக்கு அதலைக்காய்ப் பொரியல் மழைக்காலத்தின் அடையாளம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, மதுரையிலிருந்து வந்த எம்.டி.யு 1 என்று பந்தலுக்கேற்ற ரகங்கள் பல வந்துவிட்டன. அதலைக்காய்க்கோ இன்னும் மழைதான் வேளாண் துறை.

பாகல் ஏன் கசக்கிறது என்பதற்கு அந்தச் செடியே பதில் வைத்திருக்கிறது. காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுப் பாருங்கள். பச்சை வெளுத்து ஆரஞ்சு நிறமாகும். பிறகு நுனியிலிருந்து மூன்று இதழாகப் பிளந்து சுருண்டுகொள்ளும். உள்ளே விதைகளைப் போர்த்தியிருக்கும் சிவந்த சதை தித்திக்கும். தக்காளிக்கு நிறம் தரும் லைகோபீன்தான் அந்தச் சிவப்புக்கும் காரணம். விதை முற்றும்வரை யாரும் தொடாமலிருக்கக் கசப்பு. முற்றியதும் பறவையை அழைக்கத் தித்திப்பு. அகநானூற்றின் 15-ஆம் பாட்டில் மாமூலனார் துளுநாட்டுச் சோலைகளைச் சொல்லும்போது, அங்கே பாகலை உண்ணும் மயில்களைக் காட்டுகிறார். மயில் தின்றது பழுத்த பாகலைத்தான் என்று கொண்டால் அது தாவரவியலோடும் பொருந்துகிறது. காய்க்கு ஆசைப்பட்டது மனிதன் மட்டுமே.

அந்தக் கசப்புக்குள் என்ன இருக்கிறது? மோமார்டிசின், மோமார்டிகோசைடு என்று பெயர் பெற்ற டிரைடெர்பீன் வகைச் சேர்மங்கள் பல. நாக்கில் கசப்பை உண்டாக்குபவை பெரும்பாலும் இவைதாம். இவற்றோடு, நீரிழிவு ஆய்வில் புகழ்பெற்ற இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று சாரன்டின்; 1960-களில் இந்திய ஆய்வாளர்கள் பாகலிலிருந்து பிரித்தெடுத்தது. இன்னொன்று பாலிபெப்டைடு–பி என்ற புரதம். ‘தாவர இன்சுலின்’ என்று விளம்பரங்கள் கொண்டாடுவது. 1970-களில் ராஜஸ்தானில் இந்தப் புரதத்தைச் சில நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது. 1981-இல் பி. கன்னா குழுவினர் அதன் விவரங்களை வெளியிட்டார்கள்.

விளம்பரங்கள் விட்டுவிடும் ஒரு சொல் இங்கே இருக்கிறது: ஊசி. அந்தப் புரதத்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்குவதில்லை? அது புரதம், வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களைப்போலச் செரித்துப்போகும். பாகலின் புரதத்துக்கும் வயிறு தனிச் சலுகை தரப்போவதில்லை. சாரன்டினின் சிக்கல் வேறு மாதிரி. அது தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. காயை அரைத்து, வடிகட்டி, சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டு நீர்த்த சாற்றைக் குடிப்பவர், எந்தப் பொருளின் பெயரைச் சொல்லி அது விற்கப்படுகிறதோ அந்தப் பொருளில் பெரும்பங்கைச் சக்கையோடு எறிந்துவிட்டிருக்கலாம்.

அதற்காகப் பாகலில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2008-இல் ஷாங்காய், சிட்னி ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், பாகலின் டிரைடெர்பீன்கள் ஏ.எம்.பி.கே. என்ற நொதியைத் தூண்டுவது தெரிந்தது. உயிரணுவில் எரிபொருள் குறைந்தால் மணியடிக்கும் நொதி அது. அது விழித்துக்கொண்டால், தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைக் கூடுதலாக உள்ளே இழுத்துக்கொள்ளும். உடற்பயிற்சி செய்யும்போதும் இதே நொதிதான் விழிக்கிறது. ஆக, பாகல் வேலை செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகள் நடந்தது உயிரணுக்களிலும் எலிகளிலும். மார்பகப் புற்றுநோய் அணுக்களைப் பாகற்சாறு கட்டுப்படுத்தியது என்று 2010-இல் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியும் அப்படித்தான். கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்கள் அவை. தட்டில் சாகும் அணு உடம்பிலும் சாகும் என்றிருந்தால் புற்றுநோயை எப்போதோ ஒழித்திருப்போம்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளைப் பார்ப்போம். 1981-இல் இங்கிலாந்தில் ஒன்பது ஆசிய நோயாளிகளுக்குப் பாகற்சாறும் வறுத்த பாகற்காயும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையை உடல் கையாளும் திறன் கொஞ்சம் மேம்பட்டது. 1986-இல் இலங்கையில் பாகற்சாறு கொடுத்தபோது 73 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்தது, மீதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. மொத்தமே பதினெட்டுப் பேர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2007-இல் பிலிப்பீன்ஸில் 40 பேரிடம் மூன்று மாதம் முறையாக நடத்திய சோதனையில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையில் வந்த வேறுபாடு 0.22 மட்டுமே, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. இத்தனைக்கும் அந்நாட்டு அரசு பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் பாகலும் ஒன்று.

2011-இல் தாய்லாந்தில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. உலர்த்திய பாகற்பொடியை நாளொன்றுக்கு 500, 1000, 2000 மில்லிகிராம் என்று மூன்று அளவில் நான்கு வாரம் கொடுத்தார்கள். முதல் இரண்டு அளவிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 2000 மில்லிகிராமில் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மலிவான, பழைய மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவுக்கு இறங்கவில்லை. 2018-இல் வெளியான தான்சானிய ஆய்வு, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களிடம் நடந்தது. எட்டு வாரம் பாகற்பொடி, எட்டு வாரம் ஒப்பீட்டுக்கு வெள்ளரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஐந்தாறு புள்ளி குறைந்தது. 118 இருந்தால் 112 ஆகும், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைத்தால் நல்லது. இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து.

இப்படிப்பட்ட சோதனைகளை ஒன்றாக வைத்துச் சலித்துப்பார்ப்பது காக்ரேன் அமைப்பின் வேலை. 2012-இல் அது எடுத்துக்கொண்ட நான்கு சோதனைகளில் மொத்தம் 479 பேர். எதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீளவில்லை. நீரிழிவுக்குப் பாகலைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அதன் தீர்ப்பு. ‘பலன் இல்லை’ என்பது வேறு, ‘சான்று போதாது’ என்பது வேறு. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த வேறுபாட்டை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சோதனைகள் ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம் எளிது. ஒருவர் சாறு கொடுக்கிறார், ஒருவர் பொடி, ஒருவர் வறுவல். ரகம், முற்றல், மண் எல்லாம் மாறுகின்றன. மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் 500 மில்லிகிராம். பாகற்காயில் ‘ஒரு காய்’ என்பது ஓர் அளவே அல்ல.

சாறு குடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாற்றையும் சேர்த்தால், சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பாகல் தேநீர் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. கர்ப்பிணிகள் சாறும் பொடியும் தவிர்ப்பது நல்லது. விதையில் வைசின் என்ற பொருள் இருக்கிறது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பாகலோடு சுரைக்காயையும் சேர்த்து அரைப்பவர்கள் இன்னொன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2010-இல் தில்லியில் ஒருவர் அப்படிப்பட்ட சாற்றைக் குடித்தபின் இறந்துபோனார். அதன்பிறகு ஐசிஎம்ஆர் அமைத்த வல்லுநர் குழு, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்றது. சுரைக்குக் கசப்பு இயல்பல்ல. கசந்தால் அதில் குக்கர்பிட்டசின் நச்சு ஏறியிருக்கிறது என்று பொருள். பாகலைக் கலந்துவிட்டால் எது எதனால் கசக்கிறதென்று நாக்குக்குத் தெரியாது. நம்மைக் காக்க இருக்கும் ஒரே எச்சரிக்கையை நாமே அணைத்துவிடுகிறோம்.

இனி அடுப்படிக்குப் போகலாம். எனக்கு இந்தக் காயின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

நூறு கிராம் பச்சைப் பாகற்காயில் 17 கலோரிதான். வைட்டமின் சி சுமார் 84 மில்லிகிராம். ஒரு நாள் தேவையை அதுவே தொட்டுவிடும், வேகும்போது பாதி போனாலும் மீதி லாபம். நார்ச்சத்து, ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் உண்டு. இவை பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. நல்ல காய்கறி எதிலும் இருப்பவை. சாதத்தைக் கொஞ்சம் குறைத்துத் தட்டில் காய்க்கு இடம் கொடுத்தால், பாகலாக இருந்தாலும் அவரையாக இருந்தாலும் சர்க்கரைக்கு நல்லதுதான்.

பாகலை வாங்கிவந்ததும் வட்டமாக நறுக்கி உப்புப் பிசறி வைப்பது எல்லா ஊரிலும் பொது. அரை மணி கழித்துப் பிழிந்தால் பச்சைத் தண்ணீர் வடியும். கசப்பின் ஒரு பகுதி அதோடு போகும். உப்பு செய்யும் வேலை அது ஒன்றே அல்ல. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் காட்டியது இது: சோடியம் நாக்கிலேயே கசப்புணர்வை அடக்குகிறது, கசப்பு அடங்கும்போது அதன் பின்னால் மறைந்திருந்த மற்றச் சுவைகள் எழும்பி வருகின்றன. நம் சமையல்காரர்கள் கட்டுரை எழுதாமலே இதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். பிழிந்தால் சத்துப் போய்விடுமே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: போகும், கொஞ்சம். பிழியாமல் சமைத்து யாரும் தொடாத கறியில் மிஞ்சும் சத்து குப்பைக்குப் போகும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் பிழிந்தபின் ஒருமுறை கழுவிக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணெய். நல்லெண்ணெயில் வட்டங்களைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை வதக்கினால்தான் பாகற்காய்க் குழம்பு எழும்பும். பச்சையாகப் புளியில் வேகவிட்டால் கசப்பு குழம்பு முழுக்க இறங்கி, காயும் சப்பென்று ஆகிவிடும். பிறகு கெட்டிப் புளி, குழம்புப் பொடி, இறக்கும்போது நெல்லிக்காயளவு வெல்லம். புளிப்பும் தித்திப்பும் கசப்பை அழிப்பதில்லை, அதற்குக் கூட்டாளிகளாக நிற்கின்றன. மறுநாள் சுண்டவைத்த பழங்குழம்பு இன்னும் உயர்வு. தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டைக்கடலையும் வறுத்தரைத்த தனியா, கடலைப்பருப்பு, தேங்காயும் சேர்த்துப் பிட்லையாக்குவார்கள். சித்திரை வெயிலில் மோரும் உப்பும் தோய்த்துக் காயவைத்த வற்றல், தயிர்சாதத்துக்கென்றே பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பாவற்காய் என்பார்கள். பொரித்தெடுத்த துண்டுகளில் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் கலந்து சம்பல் செய்வார்கள். சாப்பிட்டுப் பார்க்காதவர் பாகலைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

பிராமண வீடுகளின் திவசச் சமையலில் பாகற்காய் தவறாது இடம்பெறும். அதற்கொரு கதை உண்டு. வசிட்டர் வீட்டுக்குத் திவசச் சாப்பாட்டுக்கு வந்த விசுவாமித்திரர் 1,008 கறி வேண்டும் என்றாராம். அருந்ததி பரிமாறியது பாகற்காய், பலாக்காய், பிரண்டை, இவற்றோடு இன்னும் எட்டு. கணக்குக் கேட்டபோது பாகல் நூற்றுக்குச் சமம், பிரண்டை முந்நூற்றுக்கு, பலா அறுநூற்றுக்கு, மீதி எட்டு என்று கூட்டிக் காட்டினாராம். கோபக்கார விருந்தாளியைச் சமாளித்த கெட்டிக்காரத்தனம் ஒருபக்கம் இருக்கட்டும். கசப்புக்குச் சாப்பாட்டில் நிலையான இடம் ஒதுக்கிய மரபு கதையின் அடியில் தெரிகிறது. வங்காளிகள் இதில் நம்மைவிட ஒழுங்கானவர்கள். மதியச் சாப்பாட்டை உச்சே என்னும் சிறு பாகல் வறுவலிலோ பாகல் போட்ட ஷுக்தோ என்னும் கறியிலோதான் தொடங்குவார்கள்.

கடல் தாண்டினால் ஒகினாவா. அங்கே பாகலுக்குக் கோயா என்று பெயர். சோயாக் கட்டி, முட்டை, பன்றிக்கறியோடு வதக்கும் சம்புரு அந்தத் தீவின் அன்றாட உணவு. நெடுங்காலம் இந்தக் காய் ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்குப் போக முடியாமல் இருந்தது, ஓர் ஈயினால். காய்க்குள் முட்டையிடும் பழ ஈ பரவிவிடக் கூடாதென்று தடை. கதிரியக்கத்தால் மலடாக்கிய ஈக்களை 1970-களிலிருந்து பறக்கவிட்டார்கள். மொத்தம் 5,300 கோடி. 1993-இல் அந்த ஈ தீவுக்கூட்டம் முழுவதும் ஒழிந்தது, காய்க்குக் கதவு திறந்தது. 2001-இல் வந்த ‘சுராசான்’ தொலைக்காட்சித் தொடர் அதை நாடறியச் செய்தது. மே 8 அங்கே கோயா நாள்.

ஒகினாவாக்காரர்களின் நீண்ட ஆயுளுக்குக் கோயாதான் காரணம் என்று எழுதாத இதழ் இல்லை. 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆவது இடத்துக்குச் சரிந்தது. கோயா சாப்பிடுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை. மாறியது தட்டிலிருந்த மற்றவையும், நடையைக் குறைத்த காரும்தான்.

ஆகவே பாகற்காயை வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாகவோ பொரியலாகவோ சாப்பிடுங்கள். சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீரிழிவுக்கென்று பெயர் எழுதி விற்கும் எண்ணெய்ச் சிப்ஸை மட்டும் கடையிலேயே விட்டுவிடுங்கள். சாறோ பொடியோ ஏற்கெனவே எடுத்துவந்தால், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அதையும் சொல்லுங்கள்: எவ்வளவு, எந்த வேளை, எத்தனை நாளாக. லான்செட்டில் வந்த அந்தப் பெண்மணியிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அவருடைய சர்க்கரைக் கணக்கு புரிந்தது.